இரட்டை மரச் சங்கத்தின் கொரியாத் தம்பி

உலகத்தில் உள்ள லிம்கள் அனைவரும் ஒரே ரத்தம் என்பது இரட்டை மரச் சங்கத்தின் முதல் விதி. தக்க ஆதாரம் இல்லாமல் எவரும் லிம் ஆக முடியாது என்பது இரண்டாவது விதி. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் சங்கத்தின் குமாஸ்தா.

நான் லிம் இல்லை, சீனனே இல்லை. பெயர் கதிரேசன். பினாங்கிலேயே பிறந்து, சங்கத்துக்கு எதிர் வரிசையில் வளர்ந்து, சீனப் பள்ளியில் படித்தவன். இவர்கள் போய் ஒரு தமிழனைக் குமாஸ்தாவாக வைப்பானேன் என்று கேட்பீர்கள். ஹொக்கியன்காரரை வைத்தால் கான்டனீஸ்காரர் முறைப்பார். கான்டனீஸ்காரரை வைத்தால் ஹாக்காகாரர் சந்தா கட்டமாட்டார். ஒரே ரத்தம் அல்லவா, கொதிக்கத்தான் செய்யும். பாவம், அதைத் தணிக்க வெளி ரத்தம் ஒன்று தேவைப்பட்டது.

ஹொக்கியன் வாயில் லிம். கான்டனீஸ் வாயில் லாம். ஃபூச்சோக்காரர் லிங் என்பார். பள்ளிக்கூட மாண்டரினில் லின். சுமத்ரா பக்கம் போனவர்கள் லியெம். எழுதிக் காட்டினால் எல்லாம் ஒரே எழுத்துதான், பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு மரம். அதனால்தான் இரட்டை மரச் சங்கம் என்று பெயர். மரத்துக்கும் செயற்குழுவுக்கும் வேறு சில ஒற்றுமைகளும் உண்டு. அதையெல்லாம் சொன்னால் என் வேலை போய்விடும்.

இவர்களுடைய மூதாதை மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் அமைச்சராம். ராஜாவின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறார். ராஜா அவர் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்துவிட்டான். மனைவி காட்டுக்குள் ஓடி, மரங்களுக்கு நடுவில் பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளையின் வம்சம்தான் எல்லா லிம்களும். இதற்கு என்ன ஆதாரம் என்று இதுவரை எந்தச் செயற்குழுவும் கேட்டதில்லை. அன்று போன இதயம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பது, சங்கத்தில் மனுக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சங்கத்தின் கூடத்தில் கடல் தேவதை வீற்றிருக்கிறாள். அவளும் பிறக்கும்போது லிம் வீட்டுப் பெண்தான், அதனால் இவர்களுக்கு அத்தை முறை. கப்பல்காரர்கள் எல்லாம் பயந்து கும்பிடுகிற தெய்வத்தை இவர்கள் "அத்தை, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அத்தைக்குப் பின்னால் படிப்படியாக அடுக்கியிருப்பவை செத்துப் போனவர்களின் பெயர்ப் பலகைகள். மரப் பலகையில் பெயரைச் செதுக்கிக் கூடத்தில் வைத்துவிட்டால் போதும். பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊதுபத்தி தவறாமல் கிடைக்கும், யாரும் பசியோடு அலைய வேண்டாம்.

உயிரோடு இருப்பவர்களும் இடம் பிடித்து வைக்கலாம். முன் வரிசைக்கு நன்கொடை சற்றுக் கனம். அப்படிப்பட்ட பலகையைச் சிவப்புக் காகிதத்தால் மூடி ஒட்டிவிடுவார்கள். ஆள் போன பிறகுதான் காகிதத்தைக் கிழிக்கலாம். அதற்கு முன்னால் கிழித்தால் ஆளையே அனுப்பிவைத்த மாதிரி. முன் வரிசையில் சிவப்புக் காகிதத்தோடு மூன்று பலகைகள் இருந்தன. தலைவர் டத்தோ லிம் பூன் கெங், செயலாளர் லிங் சியூ ஹாக், பொருளாளர் லாம் வாய் கிட். டத்தோ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். தங்கள் சாவுக்கு மூவரும் முன்கூட்டியே நல்ல இடம் பார்த்துவிட்டார்கள்.

இனி ஆசோவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆசோ என்றால் அண்ணி. சங்கத்துச் சமையலறையில் அவளும் அவள் கணவரும் முப்பது வருஷமாக வெந்தவர்கள். அவர் சமைப்பார், அவள் நறுக்குவாள். கூடத்தைத் துடைப்பது, பலகைகளைத் தூசி தட்டுவது, சிவப்புக் காகிதம் ஒட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. டத்தோ முதல் வாசல் கூர்க்கா வரை அவளை ஆசோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவர் இறந்து போனார். பிள்ளை குட்டி கிடையாது. ஆசோ ஒரு பலகை செதுக்கி வாங்கி, அதைத் துணியில் சுற்றிச் சமையலறை அரிசித் தகரத்தின் மேல் வைத்துவிட்டு, மனுவோடு செயற்குழு முன்னால் வந்து நின்றாள்.

செயலாளர் லிங் மனுவை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், பிறகு கீழாகப் பார்த்தார்.

"ஆசோ, இதுல 'புடி ஹாலிம்'னு போட்டிருக்கே. யாரு இது?"

"எங்க வீட்டுக்காரருதான். சுமத்ராவுல மேடான்ல பொறந்தவரு. பொறந்தப்போ லியெம் ஹொக் செங். சீனப் பேரு வச்சிருக்கக்கூடாதுன்னு அந்தூர்ல கெடுபிடி பண்ணுனாங்கல்ல, அப்போ மாத்துனது."

"மாத்துறதுக்கு முன்னாடி லியெம்னு இருந்ததுக்கு ஆதாரம்?"

"அதைத்தான் மாத்திட்டாங்களே, தம்பி."

"அப்போ சீனாவுல எந்த ஊரு, எந்தத் தெரு, எத்தனையாவது தலைமுறை, அதாவது தெரியுமா?"

"அவருக்கே தெரியாது. அவருக்கு உங்க எல்லாருக்கும் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவுன்னுதான் தெரியும்."

டத்தோ தொண்டையைக் கனைத்தார். டத்தோ கெட்ட மனிதர் இல்லை. கெட்ட முடிவு எடுக்கும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை கரகரக்கும்.

"ஆசோ, மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு ஊர்ல உள்ள ஹாலிம் எல்லாம் வந்து நிப்பான். போன வருஷம் தையக்காரி லிம் மெய் யோக்குக்கே நாங்க இடம் குடுக்கல. அசல் லிம்தான், ஆனா கல்யாணம் ஆகாத பொம்பளைக்குக் கூடத்துல இடமில்லைன்னு விதி. விதின்னா விதிதானே?"

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அத்தையும் கல்யாணம் ஆகாதவள்தான். நடுக் கூடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தாவுக்குப் பேச உரிமை இல்லை.

"அத்தைகிட்டயாவது கேட்டுப் பாருங்களேன்" என்றாள் ஆசோ. அத்தையிடம் கேட்பதென்றால் பிறைக்கட்டை போடுவது. பிறை மாதிரி இரண்டு மரத்துண்டு, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தரையில் போட்டால் ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் அத்தை சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

"ஆதாரம் இல்லாத மனுவை அத்தையின் பார்வைக்கு அனுப்ப விதியில் இடமில்லை" என்றார் லிங். அதையே நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தால் ஆசோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா வெங்காயமா என்று தெரியவில்லை.

"முப்பது வருஷமா என்னை அண்ணின்னு கூப்பிடுறானுங்க, கதிரு. எம்புருஷன் அண்ணன்தானாங்கறதுல மட்டும் சந்தேகமாம். எனக்கப்புறம் அவருக்கு ஒரு பத்தி கொளுத்த யாரு இருக்கா? பட்டினியா நிப்பாரே மனுஷன். ஊருக்கே சோறு போட்டவரு."

ரெண்டு வெங்காயத்தை நானும் உரித்தேன்.

இப்படியிருக்கையில்தான் கொரியா வந்தது.

பினாங்கு முழுவதும் அப்போது கொரியா நாடகப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. காலையில் மீ நூடுல்ஸ் விற்கிற கிழவரே கொரியா மாதிரி குனிந்துதான் தட்டை நீட்டுவார். டத்தோவின் மனைவி முடியைக் கொரியா வெட்டு வெட்டிக்கொண்டார். டத்தோவுக்கு வெட்ட முடி இல்லாததால் சாயம் மட்டும் பூசினார். அந்த நேரம் பார்த்து இம் தே சோல் என்கிற கொரியா நடிகர் ஒரு முகக் கிரீம் கடையைத் திறந்து வைக்கப் பினாங்குக்கு வருவதாகச் செய்தி வந்தது.

லிங் செயற்குழுவுக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார். "டத்தோ! கொரியாவுல 'இம்'முன்னு சொல்றாங்களே, அதை எப்படி எழுதுவாங்க தெரியுமா? ரெண்டு மரம்!"

டத்தோ எழுந்து நின்றுவிட்டார். "அப்படின்னா தே சோல் நம்ம தம்பியா?"

"சந்தேகமே இல்ல. மூக்கைப் பாருங்க, அப்படியே உங்க மூக்கு."

டத்தோ தம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பொருளாளர் லாம் மட்டும் மெல்லக் கேட்டார், "ஊரு, தெரு, தலைமுறை எல்லாம் கேக்க வேணாமா?"

"என்னங்க நீங்க, வீடு தேடி வர்ற தம்பிகிட்டப் போயி ஆதாரம் கேப்பாங்களா? அசிங்கமா இருக்காது?" என்றார் லிங்.

நீண்ட காலமாகப் பிரிந்திருந்த கொரியக் கிளையை மனமுவந்து அரவணைத்துக்கொள்வதென்றும், அன்னாருக்கு முன் வரிசையில் நன்கொடையின்றிப் பலகை வைப்பதென்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கிரீம் கடை வாசலில் டத்தோ நடிகருக்கு மாலை போட்டார். நடிகர் குனிந்தார். டத்தோ பூரித்துப் போனார். அந்தப் பையன் அன்றைக்கு மாலைக்கும் குனிந்தான், குடைக்கும் குனிந்தான், கதவைத் திறந்த காவலாளிக்கும் குனிந்தான். கழுத்துச் சுளுக்கோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

பலகையும் செதுக்கி வந்தது. வழக்கம் போல் சிவப்புக் காகிதம் ஒட்ட ஆசோவின் கையில் கொடுத்தார்கள். அவள் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தையின் சம்மதம் கேட்க டத்தோவே பிறைக்கட்டையைப் போட்டார். இரண்டும் மல்லாந்தன. அத்தை சிரிக்கிறாள். மறுபடி போட்டார், சிரித்தாள். மூன்றாவது தடவையும் கட்டைகள் உருண்டு போய் ஆசோவின் காலடியில் மல்லாந்து கிடந்தன.

"சிரிச்சா என்ன அர்த்தம்?" என்றார் லாம்.

"சந்தோஷம்!" என்றார் லிங். 'அத்தை அளவிலா மகிழ்ச்சியுடன் வரவேற்றார்' என்று குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அதன்பிறகு எங்கள் கூடத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்கள் வரிசை கட்டினார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் உதட்டுச் சாயம், வாழைப்பழப் பால், பொம்மைக் கரடி என்று குவிந்தன. முழுப் பன்றி வாட்டிப் படைத்தார்கள். உண்டியல் நிரம்பியது. டத்தோ காலை தோறும் வந்து, உயிரோடு இருக்கிறவனுக்குப் பத்தி கொளுத்தலாமா கூடாதா என்றுகூட யோசிக்காமல், கொத்தாகக் கொளுத்திக் கும்பிட்டார். செயற்குழுவும் பின்னால் நின்று கும்பிட்டது. "தம்பி, நல்லா இருப்பா" என்பார்கள்.

ஆசோவும் விடியற்காலையில் வந்து அதே பலகைக்கு முன்னால் நிற்பாள். ஒரு கிண்ணம் கஞ்சி, உப்பிட்ட முட்டை ஒன்று. அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

லிங் கிண்டல் பண்ணினார். "என்ன ஆசோ, இந்த வயசுல உங்களையும் கொரியா பிடிச்சுக்கிச்சா?"

"முகம் லட்சணமா இருக்கு தம்பி" என்றாள் ஆசோ.

எனக்கு மனசு கசந்து போயிற்று. கட்டின புருஷன் பலகை அரிசித் தகரத்தின் மேல் கிடக்க, இவள் நடிகனுக்குக் கஞ்சி வைக்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். தகரத்தின் மேல் ஒன்றுமில்லை.

"பலகை எங்க ஆசோ?"

"வைக்க வேண்டிய எடத்துல வச்சாச்சு" என்று அவள் பேச்சை முடித்துக்கொண்டாள். ஏதாவது சின்னக் கோவிலில் கொண்டு போய் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டத்தோவின் மகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நடிகர் ஏதோ பேட்டியில் மனம் திறந்து பேசிவிட்டாராம். 'இம்' என்பது கம்பெனி வைத்த பெயர், நான் பிறந்த குலம் 'ஓ' என்று சொல்லியிருக்கிறார்.

அவசரச் செயற்குழு கூடியது.

"ஓவா?" என்றார் டத்தோ.

"ஓதான்" என்றார் லிங். அவருடைய முகம் வெளிறிக் கிடந்தது.

"ஓவுல மரம் உண்டா?"

"ஒரு செடிகூட இல்ல, டத்தோ."

"அப்போ ஒரு வருஷமா நாம யாரோ எவனோவைக் கும்பிட்டிருக்கோம்!" என்று லாம் தலையில் அடித்துக்கொண்டார். "எடுத்துக் கடாசுங்க அதை!"

"எடுத்தா உண்டியல்?" என்றார் லிங். அந்த ஒரு கேள்வியில் லாம் கை தலையிலேயே நின்றுவிட்டது. பொருளாளர் அல்லவா.

பலகையை அப்படியே வைத்துக் காகிதத்தை மட்டும் கிழித்துப் பெயரை மாற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆள் உயிரோடு இருக்கும்போது கிழித்து, நாளைக்கு அவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் பெண்கள் கூட்டம் சங்கத்தைக் கொளுத்திவிடும் என்று லாம் பயந்தார். கடைசியில் அத்தையையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

டத்தோ முழந்தாளிட்டார். "அத்தை, தெரியாமப் பண்ணிட்டோம். இங்க வந்து உக்காந்திருக்கறவன் நம்ம ஆளு இல்ல. எடுத்துடட்டுமா?"

கட்டைகள் கவிழ்ந்து விழுந்தன. மறுப்பு.

மறுபடியும் மறுப்பு. லிங் போட்டார், மறுப்பு. லாம் போட்டார், மறுப்பு. டத்தோ மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டார். கட்டைகள் கல்லில் அறைந்த மாதிரி ஒரே சத்தத்துடன் கவிழ்ந்தன. கூடத்துக் கடைசியில் துடைப்பத்தோடு நின்ற ஆசோ கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இவளுக்கு என்ன வந்தது, நடிகன் மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன்.

டத்தோ வியர்வையைத் துடைத்தார். தொண்டை கரகரத்தது. "அத்தை எடுக்க வேணாங்கிறா. அத்தை சொல்லு தப்பாப் போகுமா? அப்போ உள்ள இருக்கறவன் நம்ம ரத்தம்தான்."

லிங்குக்கு உயிர் வந்தது. "அருமை டத்தோ! அதையே விதியாக்கிடுவோம்." உடனே மூன்றாவது விதி பிறந்தது. கூடத்தில் பலகை இருக்கும் எவரும் லிம் குலத்தவரே. அன்னாரிடம் வேறு ஆதாரம் கோரப்படாது. ஒருமனதாக நிறைவேறியது.

ஆசோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள். "தம்பி, அந்தப் புது விதி எங்க வீட்டுக்காரருக்கும் உண்டா?"

லிங் பொறுமையாக விளக்கினார். "அதுக்கு மொதல்ல பலகை கூடத்துக்குள்ள இருக்கணும், ஆசோ."

"உள்ள இருக்கணும். உள்ள இருந்தா அப்புறம் யாரும் எடுக்க மாட்டீங்க?"

"எவனும் தொட முடியாது. விதி."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு ஆசோ சமையலறைக்குப் போனாள். நடை கொஞ்சம் துள்ளிய மாதிரி இருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

அவள் கறிவெட்டு மேசையில் கைகளை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வடிய வடிய. இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

"ஆசோ, எனக்கு ஒண்ணும் வெளங்கல. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு சந்தோஷம்?"

"கீழ பாரு, கதிரு."

அந்த மேசை குட்டையானது. முதுகு வலிக்கிறது, உயர்த்திக் கொடுங்கள் என்று அவள் புருஷனை நச்சரித்துக்கொண்டே இருப்பாள். குனிந்து பார்த்தேன். மேசையின் ஒரு காலுக்கு அடியில் நல்ல பலா மரப் பலகை ஒன்று அண்டை கொடுத்திருந்தது. தங்க எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இம் தே சோல்.

"அப்போ... கூடத்துல, சிவப்புக் காகிதத்துக்குள்ள..."

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் ஆசோ. "டத்தோ காலையில கும்பிடுறப்ப எல்லாம் அவருக்கு வெக்கமா இருந்திருக்கும். பாவம், வாழைப்பழப் பால் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதான் நான் கஞ்சி வச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஆனா அந்தக் காகிதத்தை யாரும் கிழிக்க மாட்டாங்களே ஆசோ. அவரு பேரை யாருமே படிக்க முடியாதே!"

"பேரைப் படிச்சுப் பாத்துத்தானே வேணாம்னானுங்க? படிக்காத வரைக்கும் மரியாதையா இருப்பாரு."

உட்கார்ந்த வாக்கில் என் கண் மேசையின் மற்ற கால்கள் பக்கம் போயிற்று. மேசை ஆடவில்லை, சாயவும் இல்லை. ஒரு காலை மட்டும் உயர்த்தினால் சாய்ந்திருக்க வேண்டுமே. நாலு காலும் ஒரே உயரத்தில் நின்றன. நாலுக்கும் அடியில் பலா மரம். முன் வரிசையில் சிவப்புக் காகிதம் சுற்றியவையும் இப்போது நாலுதான் என்பது எனக்கு மெல்ல உறைத்தது.

வலது பக்கக் காலுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். 'டத்தோ' என்கிற வரை தெரிந்தது. மிச்சத்தைக் கால் மறைத்தது.

"ஆசோ! டத்தோ எடத்துல யாரு?"

"தையக்காரி மெய் யோக். நல்ல பொண்ணு. எனக்குக் காசு வாங்காம சட்டை தச்சுக் குடுத்துச்சு."

"மத்த ரெண்டுலயும்?"

"அவங்களும் மனுக் குடுத்தவங்கதான்" என்றாள் ஆசோ. கத்தியை எடுத்துப் பூண்டு நசுக்க ஆரம்பித்தாள்.

கூடத்திலிருந்து டத்தோவின் குரல் கேட்டது, எழுந்து எட்டிப் பார்த்தேன். முன் வரிசைக்கு முன்னால் நின்று, தம் பலகையைத் துண்டால் துடைத்து, இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். "என்னோடது எப்பவுமே கொஞ்சம் பளபளன்னு இருக்குல்ல, லிங்?" என்றார். "இருக்காதா டத்தோ, பரம்பரை" என்றார் லிங்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஆசோ, நானும் இங்கதான் கெடந்து தேயுறேன். எனக்கும் பிள்ளை குட்டி இல்ல. ஒரு எடம்..."

ஆசோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். லிங் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாரே, அதே பார்வை.

"மேசைக்கு நாலு கால்தானே இருக்கு, கதிரு. இன்னொரு மேசைக்கு மனுப் போடு."

மறுநாளே எழுதினேன். சங்கத்தின் வளர்ச்சியை முன்னிட்டுச் சமையலறைக்குக் கூடுதலாக ஒரு மேசை தேவைப்படுகிறது என்று. செயற்குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. யாரும் ஆதாரம் கேட்கவில்லை.